டெல்டா முழுகினால் செட்டிநாட்டுக்கு என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. அங்கே ஊரணி தூர்வாரும் குழுவுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. தூர்வாரும் நாட்களில் வேலை அரை மணி நடந்தால் பேச்சு இரண்டு மணி நடக்கும். ஒரு தடவை அந்தப் பேச்சு காவிரி டெல்டாவுக்குப் போய், அங்கிருந்து ஹாலந்து, வங்காளதேசம், சைகோன் என்று கப்பலேறிவிட்டது. கரையில் உட்கார்ந்து ஆளாளுக்குக் கேட்டதையும், நான் தேடிப் படித்துச் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் பொறியாளர் இல்லை, கணக்குப்பிள்ளை. அதனால் எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் வரவு, செலவு, கையெழுத்துப் போடுகிறவர் யார் என்றுதான் என் கண் போகும். பதில்களில் அந்த வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் இருப்பதோ வறண்ட செம்மண் காடு. டெல்டாவைப் பற்றி நமக்கு எதற்கு?

முதலில் உங்கள் வீட்டுக் குழாயைப் பாருங்கள். ராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் திருச்சிப் பக்கம் காவிரிப் படுகையில் எடுக்கிற தண்ணீர், புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களில் பல ஊர்களைத் தொட்டுக்கொண்டுதான் ராமநாதபுரம் போகிறது. அப்புறம், காரைக்குடியில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் அறந்தாங்கி. அதைத் தாண்டி நாகுடிப் பக்கம் போனால் கல்லணைக் கால்வாயின் கடைமடை. அங்குள்ளவர்கள் இன்னும் 'புது ஆறு' என்றுதான் சொல்கிறார்கள். மேட்டூர் அணை முடிந்த 1934-ஐ ஒட்டி வந்த ஆறு அது, தொண்ணூறு வருடம் ஆகியும் புதுசுதான். டெல்டா என்பது நமக்குப் பக்கத்து வீடு.

பழைய கதையும் ஒன்று உண்டு. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) காவிரிப்பூம்பட்டினம் என்ற புகாரிலிருந்து வந்தவர்கள் என்பது வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. புகாரைக் கடல் கொண்டது என்று மணிமேகலை சொல்கிறது. அந்தப் பயத்தில்தான் நம் வீடுகளுக்கு இவ்வளவு உயரமான அடித்தளம் போட்டார்கள் என்று சுற்றுலா வருகிறவர்களுக்கு நாமே சொல்லிக்கொண்டிருக்கிறோம். நிஜமோ இல்லையோ, ஆற்றின் வாயில் இருந்து எழுந்து வந்து மேட்டில் உட்கார்ந்தவர்கள் என்று தன்னையே நினைத்துக்கொள்கிற ஊர் இது.

கடல் மட்டம் உயர்ந்தால் எல்லாக் கடற்கரைக்கும்தானே ஆபத்து? டெல்டாவுக்கு மட்டும் என்ன தனி?

கடல் ஏறுவது ஒரு பக்கம். ஐ.நா.வின் காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழு சொல்கிற கணக்குப்படி, 1901-க்கும் 2018-க்கும் நடுவில் உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. 2006-க்குப் பிறகு வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர்.

டெல்டாவில் தரையும் இறங்குகிறது, சிக்கல் அங்கேதான். ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் டெல்டா. ஈர வண்டல் தன் எடையிலேயே அமுங்கும். முன்பெல்லாம் ஒவ்வொரு வெள்ளத்திலும் புது வண்டல் மேலே படிந்து, அமுங்கியதைச் சரிக்கட்டிவிடும். இப்போது மேலே அணைகள் வண்டலைப் பிடித்துக்கொள்கின்றன. மணலை லாரியில் அள்ளுகிறோம். போர் போட்டு நிலத்தடி நீரை உறிஞ்சுகிறோம், மண் இன்னும் அமுங்குகிறது. வியட்நாமின் மீகாங் டெல்டாவில் பல இடங்களில் தரை ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்குகிறது. கடல் ஏறுவதைப்போல மூன்று மடங்கு. அந்த டெல்டாவின் சராசரி உயரமே கடலுக்கு மேல் ஒரு மீட்டருக்கும் குறைவு என்று அளந்திருக்கிறார்கள்.

வரவு நின்றுபோய்ச் செலவு மட்டும் ஓடுகிற கடை மாதிரி. எத்தனை நாள் தாங்கும்?

தகவமைப்பு என்றால் கார்பனைக் குறைப்பதா?

இல்லை. புகையைக் குறைப்பது தணிப்பு. வந்துவிட்ட வெக்கை, வெள்ளம், உப்பு இவற்றோடு பிழைக்க வழி செய்வது தகவமைப்பு. 2015 பாரிஸ் உடன்படிக்கையின் 7-வது பிரிவு இதற்கென்றே இருக்கிறது.

இந்தியாவில் டெல்டாவுக்கென்று தனி தேசியக் கொள்கை இருக்கிறதா?

இல்லை. இருப்பதெல்லாம் துண்டு துண்டாகத்தான்.

2008 ஜூன் 30-இல் தேசியக் காலநிலை மாற்றச் செயல்திட்டம் வந்தது. அதில் எட்டு இயக்கங்கள்: சூரிய மின்சாரம், மின்சிக்கனம், நகர வாழ்விடம், நீர், இமயமலை, பசுமை இந்தியா, வேளாண்மை, அறிவுத் திரட்டு. இமயமலைக்குத் தனி இயக்கம் இருக்கிறது, கடற்கரைக்கும் டெல்டாவுக்கும் இல்லை. மலை உருகினால் எல்லோருக்கும் தெரிகிறது, வயல் உப்பாவது வயல்காரனுக்கு மட்டும்தான் தெரிகிறது போல.

அதன்பின் மாநிலங்கள் தனித்தனிச் செயல்திட்டம் எழுதின. 2015-இல் தேசியத் தகவமைப்பு நிதி வந்தது, நபார்டு வழியாகப் பணம். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991-இல் தொடங்கி 2011, 2019 என்று மாறி மாறி வந்திருக்கிறது. அது கரையில் என்ன கட்டலாம், கட்டக்கூடாது என்பதைச் சொல்லும், ஆற்றிலிருந்து என்ன வரவேண்டும் என்று சொல்லாது. 2023 டிசம்பரில் இந்தியா ஐ.நா.வுக்குத் தன் முதல் தகவமைப்பு அறிக்கையைக் கொடுத்தது.

ஏன் ஒன்றாகச் சேரவில்லை? அரசியலமைப்பைப் புரட்டினால் தெரியும். தண்ணீரும் வேளாண்மையும் மாநிலப் பட்டியல். மாநிலங்களுக்கு நடுவில் ஓடும் ஆறுகளை ஒழுங்குபடுத்துவது மத்தியப் பட்டியல். கடற்கரை அறிவிக்கை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கையில். டெல்டா என்பது இந்த மூன்றும் ஒரே வரப்பில் சந்திக்கிற இடம். சேர்ந்து உட்கார ஒரு மேசை இல்லை.

காவிரியில் ஓர் உதாரணம். 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், கர்நாடக எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய தண்ணீரை 192-லிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைத்தது. சொன்ன காரணங்களில் ஒன்று, நம் டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறது, அதில் 10 டிஎம்சியைக் கணக்கில் எடுக்கலாம் என்பது. தண்ணீர்ப் பங்கீடாகப் பார்த்தால் அதில் ஒரு நியாயம் தெரியலாம். தகவமைப்பு என்ற கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால், கரையோர டெல்டாவில் நிலத்தடி நீரை எடுக்க எடுக்கக் கடல் நீர் உள்ளே ஏறும். ஒரு பேரேட்டில் வரவாக எழுதியது இன்னொன்றில் கடனாக நிற்கிறது. இரண்டையும் ஒரே ஐந்தொகையில் (வருடக் கடைசி இருப்புக் கணக்கில்) போட்டுப் பார்க்க ஆள் இல்லை என்பதுதான் என் குறை.

2020-இல் வேளாண் மண்டலச் சட்டம் போட்டார்களே, அது?

நல்ல சட்டம், ஆனால் வேறு நோய்க்கான மருந்து. 2020 பிப்ரவரியில் சட்டமன்றம் நிறைவேற்றிய அந்தப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டையில் ஐந்தைந்து ஒன்றியங்களும் வந்தன. நமக்குப் பக்கத்தில் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி. எண்ணெய், எரிவாயு எடுப்பு போன்ற புதுத் தொழில்களுக்கு அங்கே தடை. வயல் வயலாகவே இருக்கட்டும் என்கிறது சட்டம். வயலுக்குள் உப்பு வந்தால் என்ன செய்வது என்பதற்கு அதில் பதில் இல்லை.

ஆவுடையார்கோவில் தாண்டி ஒரு கடைமடை வயலுக்குப் போயிருந்தேன். போர் தண்ணீரை ஒரு சொம்பில் பிடித்துக் கொடுத்து, "குடிச்சுப் பாருங்கண்ணே" என்றார் வயல்காரர். நாக்கில் பட்டதும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, விழுங்கினபின் தொண்டையில் ஒரு கரகரப்பு நின்றது. "எங்க அப்பா காலத்துல இதே போர்ல டீ போட்டுக் குடிச்சோம். இப்ப பால் திரிஞ்சு போகுது." மண்டலம் அறிவித்த செய்தி அவருக்குத் தெரியும். "நல்லதுதான்" என்றார். சொம்பில் மிச்சம் இருந்ததை வரப்பில் கொட்டிவிட்டு நடந்தார்.

அப்போது தமிழ்நாட்டில் டெல்டா தகவமைப்பு என்று எதுவுமே நடக்கவில்லையா?

நடந்திருக்கிறது. வெண்ணாறு உபவடிநிலத் திட்டம் அப்படிப்பட்டதுதான். ஆசிய வளர்ச்சி வங்கி 2016-இல் 10 கோடி டாலர் கடன் கொடுத்தது. ஹரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, வளவனாறு, வேதாரண்யம் கால்வாய் இவற்றின் கரையைப் பலப்படுத்துவது, மதகுகளைப் புதுப்பிப்பது, கடைசியில் கடல் நீர் ஏறாமல் தடுக்கும் ஒழுங்கிகளைச் சரிசெய்வது என்பது வேலை. பெயரிலேயே காலநிலைத் தகவமைப்பு என்று இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

விதை நெல்லிலும் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. சி.ஆர்.1009 சப்-1 என்ற ரகம் வெள்ளத்தில் இரண்டு வாரம் போல மூழ்கிக் கிடந்தாலும் மறுபடி தலை தூக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பா முழுகுகிற ஊர்களுக்கு ஆயிரம் பக்க அறிக்கையைவிட இந்த ஒரு மூட்டை விதை பெரிது.

எல்லோரும் ஹாலந்து ஹாலந்து என்கிறார்களே, அங்கே என்னதான் செய்தார்கள்?

1953 ஜனவரி 31 ராத்திரி கடல் உடைத்துக்கொண்டு வந்து 1,836 பேர் செத்தார்கள். அதன்பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் தடுப்பணை கட்டினார்கள். 1997-இல் ராட்டர்டாம் பக்கம் மாஸ்லாண்ட் தடுப்பு முடிந்தது. புயல் வந்தால் இரண்டு ராட்சதக் கதவுகள் வந்து ஆற்று வாயை மூடிவிடும். எல்லோரும் போட்டோ எடுப்பது இதைத்தான்.

எனக்குப் பிடித்தது 2012-இல் வந்த டெல்டா சட்டம். அதில் மூன்று விஷயம். டெல்டா ஆணையர் என்று பொறுப்புக்கு ஓர் ஆள். ஆண்டுக்கு நூறு கோடி யூரோவுக்கு மேல் ஒதுங்குகிற டெல்டா நிதி. ஒவ்வொரு செப்டம்பரிலும் மூன்றாம் செவ்வாய், பட்ஜெட்டோடு சேர்த்து நாடாளுமன்றத்தில் வைக்கவேண்டிய டெல்டா திட்ட அறிக்கை. ஆட்சி மாறினாலும் அந்தச் செவ்வாய்க்கிழமை மாறாது. ரங்கூன் கிட்டங்கியில், அதாவது அங்கே நம் ஆட்கள் தொழில் நடத்திய இடத்தில், மேலாள் மாறினாலும் ஐந்தொகை ஊருக்கு வந்து சேரவேண்டும் என்று நம் ஐயாமார்கள் வைத்திருந்த அதே ஏற்பாடு.

இன்னொரு செய்தி, அதிகம் பேசப்படாதது. 1993, 1995-இல் கடல் பக்கம் இருந்து இல்லாமல் ஆற்றுப் பக்கம் இருந்து வெள்ளம் வந்தது. 1995-இல் மட்டும் இரண்டரை லட்சம் பேரை வெளியேற்றினார்கள். 'கரையை இன்னும் உயர்த்துவோம்' என்பதை விட்டுவிட்டு, 'ஆற்றுக்கு இடம் கொடுப்போம்' என்று ஒரு திட்டம் போட்டார்கள். முப்பதுக்கு மேற்பட்ட இடங்களில் கரையைப் பின்னுக்குத் தள்ளினார்கள், படுகையை ஆழமாக்கினார்கள். ஓவர்டீப் என்ற இடத்தில் விவசாயிகளே மேடு போட்டு அதன்மேல் பண்ணை வீட்டைக் கட்டிக்கொண்டு, கீழே உள்ள நிலத்தை வெள்ளம் வந்தால் மூழ்கட்டும் என்று விட்டார்கள். உயர அடித்தளம் போட்ட வீடு, பாருங்கள். புகாரில் இருந்து வந்தவர்களுக்கு இது புதிதல்ல.

அது பணக்கார நாடு. வங்காளதேசம் மாதிரி ஏழை நாடு என்ன செய்யும்?

உண்மையில் நாம் படிக்கவேண்டிய பாடம் அங்கேதான் இருக்கிறது, ஹாலந்தில் இல்லை.

1970 போலா புயலில் மூன்று லட்சத்துக்கும் மேல் செத்தார்கள். 1991 புயலில் சுமார் 1,38,000. 2007 சிதர் புயல் அதே மாதிரி பலமானது, அதில் செத்தவர்கள் 3,400-ஐ ஒட்டி. என்ன மாறியது? புயல் பாதுகாப்பு மேடைகள், சைக்கிளிலும் மெகாபோனிலும் ஊர் ஊராய்ச் சொல்லும் ஆயிரக்கணக்கான தொண்டர்கள், முன்னெச்சரிக்கை. ஹாலந்து மாதிரி ராட்சதக் கதவு எதுவும் இல்லாமல் இறப்பு இவ்வளவு குறைந்தது.

2018 செப்டம்பர் 4-இல் அவர்கள் டெல்டா திட்டம் 2100-க்கு ஒப்புதல் கொடுத்தார்கள். டச்சு உதவியோடு எழுதியது, எண்பது வருடத்துக்கான திட்டம். நாட்டை ஆறு வகை இடங்களாகப் பிரித்து, முதல் கட்டமாக 2030 வரை 80 பணிகள். நாட்டு உற்பத்தியில் ஆண்டுக்கு 2.5 சதவீதத்தை இதற்குச் செலவிடவேண்டும் என்று இலக்கு.

காகிதம் இருக்கட்டும், மண்ணில் நடந்த ஒரு கதை சொல்கிறேன். 1960-களில் கடலோரத்தில் கரை கட்டி 139 வளாகங்களாக்கினார்கள். கரைக்கு உள்ளே வயல், வெளியே ஆறு. முதல் சில வருடம் அமோகம். பிறகு என்ன ஆனது? அலை கொண்டுவரும் வண்டல் வயலுக்குள் போக வழியில்லாமல் ஆற்றுக்குள்ளேயே படிந்தது. ஆறு மேடானது, வயல் பள்ளமானது. பெய்த மழை வெளியே போக முடியாமல் குல்னா, ஜெசோர் பக்கம் வருடக்கணக்கில் தேங்கி நின்றது. 1990-இல் பீல் டாகாதியா என்ற தாழ்நிலத்தில் மக்களே கூடிப்போய் கரையை வெட்டிவிட்டார்கள். 1997-இல் பீல் பைனாவிலும் வெட்டினார்கள். அலை உள்ளே வந்து போனது, வந்து போனது. சில வருடத்தில் நிலம் உயர்ந்துவிட்டது, ஆறும் ஆழமாகிவிட்டது. அரசாங்கம் பின்னால் இதையே ஒரு முறையாக ஏற்றுக்கொண்டது.

முழுவதும் இனிப்பு இல்லை. அந்தச் சில வருடம் நிலத்தில் தண்ணீர் நிற்கும்போது வயல்காரன் எதைத் தின்பான்? இழப்பீடு சரியாகக் கைக்கு வராததால் பல இடங்களில் மக்களே அடுத்த முறை வேண்டாம் என்று எதிர்த்தார்கள். பொறியியல் வென்று, பட்டுவாடாவில் தோற்ற திட்டம். நம்மூர் கணக்குப்பிள்ளைகளுக்கு இது புரியும்.

வியட்நாம்? அங்கேயும் நம் ஆட்கள் இருந்தார்களே?

சைகோனில் கடை வைத்திருந்த நகரத்தார் குடும்பங்கள் இப்போதும் நம் ஊர்களில் உண்டு. அந்த மீகாங் டெல்டா நாட்டின் நெல்லில் பாதியை விளைவிக்கிறது. போருக்குப் பிறகு 'நெல், நெல், இன்னும் நெல்' என்பதே கொள்கை. வருடம் மூன்று போகம் எடுக்க உயரக் கரைகள் கட்டினார்கள், வெள்ளமும் வண்டலும் வெளியே நின்றன. 2016-இல் உப்புநீர் வெகுதூரம் உள்ளே ஏறியது. 2020-இல் மறுபடியும், ஐந்து மாகாணங்கள் நெருக்கடி நிலை அறிவித்தன.

நடுவில், 2017 நவம்பர் 17-இல், அரசு 120-ஆம் தீர்மானம் போட்டது. அதன் மையச் சொல் 'தூவான் தியென்', இயற்கையோடு ஒத்துப்போவது. நல்ல தண்ணீர் மட்டும் வளம் அல்ல, உப்பு நீரும் உவர் நீரும் வளம்தான் என்று ஓர் அரசாங்கம் எழுத்தில் ஒப்புக்கொண்டது. வரிசையும் மாறியது: முதலில் மீன், இறால் வளர்ப்பு, அப்புறம் பழம், அப்புறம்தான் நெல். மழைக்காலத்தில் நெல், கோடையில் உப்பு ஏறும்போது அதே வயலில் இறால் என்று மாற்றி மாற்றிச் செய்கிற விவசாயிகளுக்கு அரசின் ஆதரவு கிடைத்தது.

இதைச் சொன்னதும் கரையில் ஒரு பெரியவர் கோபப்பட்டார். "நாகப்பட்டினத்துல இறால் பண்ணை வந்து வயலெல்லாம் கெட்டுப்போச்சேப்பா" என்றார். சரிதான். 1990-களில் நம் கடற்கரையில் இறால் குட்டைகள் திட்டமில்லாமல் பரவிப் பக்கத்து வயல்களை உப்பாக்கின. வியட்நாம் முறையை அப்படியே தூக்கி வரமுடியாது. உப்பு வருவது எந்த ஊரில் உறுதி, எந்த ஊரில் தடுக்க முடியும் என்று வரைபடத்தில் கோடு போட்டபிறகுதான் இதைப் பேசவேண்டும். கோடு போடுவதுதான் அரசியலில் கஷ்டம்.

பர்மா என்ன ஆனது?

இந்தக் கேள்வியை ஒரு ஆச்சி கேட்டார். அவர் வீட்டுத் தூண்களெல்லாம் பர்மா தேக்கு.

ஐராவதி டெல்டா 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பெரும்பாலும் காடும் சதுப்புமாக இருந்தது. ஆங்கிலேயர் பிடித்தபின் காட்டை வெட்டி, கரை கட்டி, உலகின் பெரிய நெல் ஏற்றுமதி இடமாக்கினார்கள். உழவனுக்குக் கடன் கொடுத்தது பெரும்பாலும் நம் ஊர் லேவாதேவிக் கடைகள். 1930-களின் நெல் விலை வீழ்ச்சியில் கடன் கட்ட முடியாமல் நிலம் கை மாறியது. 1930-இல் முக்கிய நெல் மாவட்டங்களில் 6 சதவீதம் இருந்த செட்டியார் நிலம், 1938-இல் 25 சதவீதம். பிறகு நிலச் சட்டம், தேசியமயம், 1960-களில் மூட்டை கட்டிக்கொண்டு கப்பல்.

2008 மே 2-இல் நர்கிஸ் புயல் அதே டெல்டாவில் ஏறியது. செத்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்துச் சுமார் 1,38,000 பேர். அலையைத் தாங்கியிருக்கக்கூடிய சதுப்புக்காடுகள் முன்பே வயலாகிவிட்டிருந்தன. அந்தக் காட்டை வெட்டிய பணத்தில் நம் ஊர்ப் பணமும் கலந்திருக்கிறது. குற்ற உணர்ச்சிக்காக இதைச் சொல்லவில்லை. பெட்டியில் பழைய பேரேடு இருந்தால் அதை முழுசாகப் படிக்கவேண்டும், லாபப் பக்கத்தை மட்டும் அல்ல.

மியான்மர் 2019-இல் காலநிலைக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. 2021-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதோடு சரி.

காவிரி–குண்டாறு கால்வாய் வந்தால் நமக்குத் தண்ணீர், டெல்டாவுக்கு வெள்ள ஆபத்து குறையும். இரண்டுக்கும் நல்லதுதானே?

இந்தக் கேள்வியில்தான் கரையில் குரல் ஏறும். 2021 பிப்ரவரி 21-இல் அடிக்கல் போட்டார்கள். கரூர் மாயனூர் கதவணையிலிருந்து 262 கிலோமீட்டர், விநாடிக்குச் சுமார் 6,000 கன அடி வெள்ள உபரி. இரண்டாம் கட்டம் தெற்கு வெள்ளாற்றிலிருந்து வைகை வரை 109 கிலோமீட்டர், நம் வட்டாரம் வழியாக. கர்நாடகம் எதிர்த்து உச்ச நீதிமன்றம் போயிருக்கிறது.

எனக்கும் தண்ணீர் வேண்டும். ஆனால் 'கடலில் வீணாகப் போகிற தண்ணீர்' என்று சொல்லும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் உறுத்தும். கடலுக்குப் போகிற வெள்ளம் உப்பைத் தள்ளுகிறது, இருக்கிற கொஞ்ச வண்டலைக் கழிமுகத்துக்குக் கொண்டுபோகிறது, அலையாத்திக் காட்டுக்கும் மீனுக்கும் சோறு போடுகிறது. அதே சமயம் 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போன அளவுக்கு வெள்ளம் வந்ததையும் பார்த்தோம். அப்படிப்பட்ட நாட்களில் 6,000 கன அடியை எடுத்தால் டெல்டாவுக்கு ஒன்றும் ஆகாது. அளவு, நாள், யார் மதகைத் திறப்பது என்பதை எழுத்தில் வைத்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஊர்களையே இடம் மாற்றுவது பற்றி ஏதாவது கொள்கை உண்டா?

மெல்ல வருகிறது. பதினைந்தாவது நிதிக்குழு, ஆறும் கடலும் நிலத்தை அரித்து வீடிழந்தவர்களை வேறு இடத்தில் குடியமர்த்த 1,000 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. அரிப்பைத் தடுக்க வேறாக 1,500 கோடி. புயல், வெள்ளத்துக்கு இருந்த நிவாரணம் அரிப்புக்கு இல்லாமல் இருந்தது, ஏனென்றால் அரிப்பு மெல்லத்தான் வரும். ஒடிசாவில் மகாநதி டெல்டாவின் சதபாயா கிராமங்களைக் கடல் தின்றதும், நூற்றுக்கணக்கான குடும்பங்களை மாநில அரசே பாகபாட்டியா என்ற இடத்தில் குடியேற்றியது. வீட்டுமனை கிடைத்தது, ஆனால் மீனவனுக்குக் கடல் தூரமாகிவிட்டது.

அலையாத்திக் காடு நட்டால் போதுமா?

போதாது, ஆனால் நடவேண்டும். 2023–24 மத்திய பட்ஜெட்டில் மிஷ்டி என்ற திட்டம் வந்தது, 540 சதுர கிலோமீட்டர் இலக்கு. முத்துப்பேட்டை, பிச்சாவரம் நமக்குத் தெரிந்த காடுகள். ஆற்று நீர் வராத இடத்தில் கன்று நட்டால் அது போட்டோவுக்கு மட்டும் உயிரோடு இருக்கும்.

நம் ஊரணி, கண்மாய் முறையை டெல்டாவுக்குச் சொல்லிக் கொடுக்கலாமா?

ரொம்பப் பெருமைப்பட வேண்டாம். டெல்டாவில் தண்ணீரைத் தேக்குவதைவிட வடியவைப்பதே பெரிய வேலை. நம் சிக்கல் நேர் எதிர். ஒரு கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகிற சங்கிலி மேட்டு நிலத்துக்கான அறிவு.

ஒன்றை மட்டும் சொல்லலாம்: மராமத்து. எங்கள் ஊரணியின் கீழ்ப்படிக்கட்டில் ஒரு கல் இருக்கிறது. தண்ணீர் அந்தக் கல்லுக்குக் கீழே போனால் குடத்தில் அள்ளக்கூடாது, கையில் அள்ளிக் குடிக்கலாம் என்று ஒரு கட்டுப்பாடு இருந்ததாக அப்பத்தா சொல்வார். யாரும் சட்டம் போடவில்லை, கல் போதும். குடிமராமத்து என்று அரசும் 2016–17-இல் பழைய பெயரைத் தூசி தட்டி எடுத்தது. தமிழ்நாட்டில் 39,000-க்கு மேல் ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. எங்கே ஊரே கணக்குப் பார்த்ததோ அங்கே வேலை நிலைத்தது, மற்ற இடத்தில் கரையோரம் மண்வெட்டி பட்ட அடையாளம் மட்டும்.

சாதாரண ஆளாக, டெல்டா எப்படி இருக்கிறது என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

மேட்டூர் நீர்மட்டம் தினமும் பேப்பரில் வரும். 120 அடி என்றால் அணை நிரம்பியது என்று அர்த்தம். ஜூன் 12-இல் திறப்பது மரபு. 2022-இல் மே 24-இலேயே திறந்தார்கள், 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குறுவைக்காரனுக்கு இந்த இரண்டு மாத ஊசலாட்டம்தான் காலநிலை மாற்றம். கடல் மட்டமெல்லாம் அப்புறம்.

நான் இன்னொன்றும் செய்வேன். புது ஆற்றில் தண்ணீர் வந்ததும் நாகுடியில் இருக்கிற என் சகலைக்கு போன் போட்டு, எவ்வளவு வருகிறது என்று கேட்பதற்கு முன், என்ன நிறத்தில் வருகிறது என்று கேட்பேன். கலங்கல் என்றால் வண்டல் வருகிறது என்று அர்த்தம். அவருக்கு இந்தக் கேள்வி வேடிக்கை. "கண்ணாடி மாதிரி தெளிவா வருது சகலை, சந்தோஷப்படு" என்றார் கடைசி முறை.